முறைக்கு முன்னால் விழுந்த சீட்டு: போக்கர் அறையில் விதியை ஏன் இறுக்கிப் பிடிக்க வேண்டும்?

ஒன்பது பேர் உட்கார்ந்திருக்கும் போக்கர் மேசை. ஆட்டம் டெக்சாஸ் ஹோல்டெம்: ஒவ்வொருவர் கையிலும் மறைவாக இரண்டு சீட்டு, நடுவில் எல்லாருக்கும் பொதுவாகப் படிப்படியாகத் திறக்கும் ஐந்து சீட்டு. நடுவில் மூன்று பொதுச்சீட்டுகள் திறந்தாயிற்று, அதில் இரண்டு ஸ்பேடு. பந்தயமாக 120 சேர்ந்திருக்கிறது. மற்றவர்கள் ஒதுங்கிவிட்டதால் 2, 5, 8 என்று மூன்று இருக்கைக்காரர்கள் மட்டுமே களத்தில் இருக்கிறார்கள். இரண்டாமவர் 80 வைக்கிறார். ஐந்தாமவர் கையில் இரண்டு ஸ்பேடு. இன்னும் ஒன்று விழுந்தால் ஃப்ளஷ், அதாவது ஒரே சின்னத்தில் ஐந்து சீட்டு. அவர் யோசிக்கிறார். அந்தப் பத்து வினாடிக்குள் எட்டாமவர் பொறுமையிழந்து தன் இரண்டு சீட்டையும், நான் விலகுகிறேன் என்கிற மாதிரி, டீலர் பக்கம் தூக்கிப் போட்டுவிட்டு போனைக் கையில் எடுக்கிறார். டீலர் அந்தச் சீட்டுகளை இழுத்து வைத்துக்கொள்கிறார். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பார்ப்பதற்கு ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். எட்டாமவர் தோற்கப்போகிற சீட்டைத்தானே போட்டார், அதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று புதிதாக உட்காருபவர் நினைப்பார். ஆனால் ஐந்தாமவரின் கணக்கு அந்த நொடியில் மாறிவிட்டது. அதுவரை அவருக்கு ஒரு பயம் இருந்தது: “நான் 80 போட்டு உள்ளே வந்தபிறகு, எனக்குப் பின்னால் இருக்கும் எட்டாமவர் 300 என்று ஏற்றினால் என் 80 போய்விடுமே.” அவர் பார்க்காத 47 சீட்டுகளில் ஸ்பேடு ஒன்பதுதான். அடுத்த சீட்டிலேயே ஃப்ளஷ் அமைய ஐந்தில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் குறைவான வாய்ப்பு. அந்தப் பயத்தோடு பார்த்தால் சீட்டைப் போட்டுவிடுவதுதான் நியாயம். இப்போது பின்னால் யாரும் இல்லை. நிம்மதியாக 80 போடுகிறார். அடுத்த சீட்டு ஸ்பேடு. ஆட்டம் அவருக்கு.

தோற்றவர் இரண்டாமவர். அவர் சரியாக ஆடினார், சரியான அளவுக்குப் பந்தயம் வைத்தார். அவர் பணத்தை யாரும் திட்டம் போட்டு எடுக்கவில்லை. எட்டாமவரின் அவசரமும் டீலரின் மௌனமும் சேர்ந்து எடுத்துக்கொண்டன.

போக்கர் அறை விதிகளைப் புரிந்துகொள்ள இந்த ஒரு கையே, அதாவது ஒருமுறை சீட்டுப் போட்டு முடியும் இந்த ஒரு ஆட்டமே போதும் என்று நினைக்கிறேன். போக்கரில் விலை உள்ள பொருள் சீட்டு மட்டும் இல்லை, தகவலும்தான். யாருக்கு, எப்போது, எவ்வளவு தெரிய வேண்டும் என்பதைக் காப்பதற்காகத்தான் பெரும்பாலான விதிகள் இருக்கின்றன. மரியாதை போலத் தோன்றும் பல பழக்கங்களும் உள்ளே பார்த்தால் இதே வேலையைத்தான் செய்கின்றன.

இன்னொரு அடிப்படையையும் சொல்லிவிட வேண்டும். ரூலெட்டிலோ பிளாக்ஜாக்கிலோ நீங்கள் கசினோவுக்கு எதிராக ஆடுகிறீர்கள். போக்கர் அறையில் அப்படி இல்லை. மேசையில் உள்ளவர்கள் ஒருவருக்கொருவர் எதிராக ஆடுகிறார்கள், கசினோ ஒவ்வொரு கையிலும் சேர்ந்த பந்தயத்திலிருந்து ஒரு சிறு பங்கை எடுத்துக்கொள்கிறது. அதற்குப் பெயர் ரேக். அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் அந்தப் பங்கு ஒரு கையின் மொத்தப் பந்தயத்தில் 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று விதியே இருக்கிறது. யார் ஜெயித்தாலும் கசினோவுக்கு ஒன்றுதான். அப்படியானால் அந்த ரேக்குக்குப் பதிலாக நமக்குக் கிடைப்பது என்ன? ஒரு மேசை, ஒரு சீட்டுக்கட்டு, சீட்டுப் போட ஒரு டீலர், எல்லாவற்றுக்கும் மேலாக நடுநிலையான ஒரு கண்காணிப்பு. விதியைக் கண்டுகொள்ளாத அறை, நாம் காசு கொடுத்து வாங்கிய அந்தக் கடைசிப் பொருளைத் தராமல் விடுகிறது.

சரி, விதிகளுக்கு வருவோம். முதலாவது, முறை. ஆட்டம் கடிகாரச் சுற்றில் போகும், உங்கள் முறை வரும்வரை நீங்கள் எதுவும் செய்யக்கூடாது, சொல்லவும் கூடாது. யாராவது முந்திக்கொண்டு செய்துவிட்டால்? போட்டி நடத்துபவர்களின் சங்கமான டி.டி.ஏ. 2001-இல் தொடங்கப்பட்டது. டோர்னமென்ட்டுகளுக்கு அவர்கள் வகுத்த விதிகளைத்தான் உலகின் பல அறைகள் பின்பற்றுகின்றன. அதன்படி, முந்திச் செய்த செயல் உங்களைக் கட்டுப்படுத்தலாம். ஒருவர் 80 வைக்கிறார். அடுத்தவரின் முறை இருக்கும்போதே நீங்கள் முந்திக்கொண்டு 80-க்கு ‘கால்’ (நானும் அதே தொகையைப் போடுகிறேன்) என்று சொல்லிவிடுகிறீர்கள். பிறகு முறைப்படி ஆட வேண்டியவர் சீட்டைப் போட்டாலும் சரி, அவரும் கால் செய்தாலும் சரி, நீங்கள் சொன்னது சொன்னதுதான், 80 போட வேண்டும். அவர் ஏற்றினால் மட்டும்தான் நிலைமை மாறியதாகக் கணக்கு. அப்போது நீங்கள் உங்கள் 80-ஐ எடுத்துக்கொண்டு புதிதாக முடிவெடுக்கலாம். முந்திக்கொண்டு சீட்டைத் தூக்கிப் போட்டிருந்தாலோ, அது திரும்ப வராது.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு பக்கம் உண்டு. உங்களைத் தாண்டி மற்றவர்கள் ஆடிக்கொண்டே போகிறார்கள், நீங்கள் சங்கடத்தில் வாய் திறக்காமல் இருக்கிறீர்கள் என்று வையுங்கள். இரண்டு மூன்று பேர் ஆடி முடித்தபிறகு “என் முறை விட்டுப்போச்சே” என்றால் காலம் கடந்துவிட்டிருக்கலாம். பேசுவதற்கு நேரம் இருந்தும் பேசாதவரின் உரிமை பறிபோகலாம். அதனால் புதியவர்கள் கற்றுக்கொள்ள வேண்டிய முதல் சொல் ‘டைம்’. கையை லேசாக உயர்த்தி, எல்லார் காதிலும் விழும்படி “டைம்” என்று சொல்லுங்கள். ஆட்டம் அங்கேயே நிற்கும். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

இரண்டாவது, பந்தயம் வைக்கும் விதம். புதியவர்களை அதிகம் சிக்கவைப்பது இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

எதிராளி 50 வைத்திருக்கிறார். புதியவர் ஒருவர் 50-ஐ எடுத்து முன்னால் வைக்கிறார். வைத்துவிட்டு எதிராளியின் முகத்தைப் பார்க்கிறார். அதில் ஒரு சின்ன நிம்மதி. உடனே கை மறுபடி தன் சிப் அடுக்குக்கு, அதாவது பணத்துக்குப் பதிலாக வைக்கும் வில்லைகளின் அடுக்குக்கு, போய் இன்னும் 150-ஐ எடுத்து வருகிறது. இதற்கு ஸ்ட்ரிங் பெட் என்று பெயர். பந்தயத்தைத் தவணை முறையில் கட்டுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் தவணையைக் கட்டிவிட்டு எதிராளி எப்படி எடுத்துக்கொள்கிறார் என்று பார்த்து, அதற்கேற்ப இரண்டாவதைக் கட்டலாமா என்று முடிவு செய்கிற வசதி இதில் இருக்கிறது. திரைப்படங்களில் “உன் 50-க்கு 50, அதுக்கு மேல 150” என்று கம்பீரமாகச் சொல்லுவார்களே, அதுவும் இதே குற்றம்தான். நிஜ மேசையில் அந்த வசனத்தின் முதல் பாதியோடு உங்கள் ஆட்டம் முடிந்துவிடும். “கால் மட்டும்தான்” என்று டீலர் சொல்லி, 150-ஐத் திருப்பித் தள்ள வேண்டும்.

தப்பிக்க எளிய வழி இருக்கிறது. கையை அசைக்கும் முன் வாயைத் திறங்கள். “ரெய்ஸ், 200”, அதாவது 200-க்கு ஏற்றுகிறேன், என்று சொல்லிவிட்டால் அப்புறம் சிப்புகளை எத்தனை தடவையாக வேண்டுமானாலும் நகர்த்தலாம். முறையாகச் சொன்ன சொல் கட்டுப்படுத்தும். சொல்லாமல் வைத்தால் ஒரே அசைவில் வைக்க வேண்டும்.

சொல்லாமல் வைப்பதில் இன்னொரு கண்ணியும் உண்டு. பந்தயம் 25. உங்களிடம் 100 மதிப்புள்ள ஒற்றைச் சிப் இருக்கிறது. எதுவும் சொல்லாமல் அதைப் போட்டால் நீங்கள் 100-க்கு ஏற்றியதாக ஆகாது, வெறும் 25-க்கு கால் செய்ததாகத்தான் ஆகும். மீதி 75 திரும்பி வரும். பல சிப்புகளாகப் போட்டால் வேறு கணக்கு. பந்தயம் 100, ஏற்றினால் குறைந்தது 200 ஆக வேண்டும் என்ற நிலையில், பேசாமல் ஒரு நூறையும் ஒரு ஐம்பதையும் சேர்த்து வைத்தால், டி.டி.ஏ. விதிப்படி ஏற்ற வேண்டிய தொகையில் பாதியைத் தொட்டுவிட்டீர்கள், 200 வரை போட்டே ஆகவேண்டும். ஒரு நூறும் ஒரு இருபத்தைந்தும் என்றால் அது கால். இதையெல்லாம் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. வாயால் சொல்லிவிட்டால் எதுவுமே உங்களைத் தொடாது.

சரி, ஸ்ட்ரிங் பெட் நடக்கும்போது எதிராளியே பெருந்தன்மையாக “பரவாயில்லை, புதுசா வந்திருக்கார், ஏற்றட்டும்” என்று சொன்னால்? டீலர்கள் இதை ஒப்புக்கொண்டு தலையாட்டினால் எனக்கு மனசு ஒப்பாது. ஏன் பரவாயில்லை என்கிறார் என்று யோசியுங்கள். அவர் கையில் நல்ல சீட்டு இருந்தால் பணம் கூடுவது அவருக்கு லாபம், மோசமான சீட்டு என்றால் “விதி விதிதான்” என்பார். விதியைப் பிடிப்பதா விடுவதா என்ற தேர்வு ஒரு ஆட்டக்காரரின் கைக்குப் போனால், அது விதியாக இருக்காது, அவர் கையில் இன்னொரு சீட்டாகிவிடும்.

மூன்றாவது, சீட்டும் அதைப் பற்றிய பேச்சும். ஒரு கையை ஒருவர்தான் ஆடவேண்டும். பக்கத்தில் நிற்கும் நண்பர் காதில் ஓதக்கூடாது. ஆட்டத்திலிருந்து விலகியவர் “அடடா, ஏழைப் போட்டுட்டேனே” என்று தலையில் அடித்துக்கொள்ளக்கூடாது. பொதுச்சீட்டில் இரண்டு ஏழு வந்திருக்கும்போது அந்த ஒரு புலம்பல், களத்தில் இருப்பவர் மூன்று ஏழு வைத்திருப்பதாகக் காட்டும் பொய்யைக் காலி செய்துவிடும். பக்கத்து இருக்கைக்காரருக்கு மட்டும் சீட்டைக் காட்டினால், மேசையில் யாராவது கேட்டதும் எல்லாருக்கும் காட்ட வேண்டும் என்பதும் இதே காரணத்தால்தான்.

இங்கே ஒரு விதிவிலக்கு, அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது. கடைசியில் சீட்டுகள் மேசைமேல் திறந்து வைக்கப்பட்டு, டீலர் அவற்றைத் தவறாகப் படித்துத் தோற்றவர் பக்கம் சிப்புகளைத் தள்ளப்போகிறார் என்றால், அந்தக் கையில் இல்லாதவரும் பேசலாம், பேசவும் வேண்டும். டி.டி.ஏ. விதிகளே அதைச் சொல்கின்றன. ஆட்டம் நடக்கும்போது மௌனம் கடமை, திறந்துவைத்த சீட்டைப் படிக்கும்போது பேசுவது கடமை.

உங்கள் சீட்டைக் காப்பது உங்கள் பொறுப்பு என்பதையும் மறக்காதீர்கள். காக்காமல் விட்ட சீட்டை டீலர் தவறுதலாகக் குப்பையில், அதாவது ஒதுக்கிய சீட்டுகளின் குவியலில், இழுத்துவிட்டால், அது எல்லாவற்றிலும் உயர்ந்த ஜோடியான ஜோடி ஏஸாகவே இருந்தாலும், பொதுவாக அதற்குப் பரிகாரம் கிடையாது. சீட்டின் மேல் ஒரு சிப்பை வைத்திருக்கும் பழக்கம் இதற்காகத்தான்.

இதுவரை சொன்னவற்றைத் தெரியாமல் மீறுபவர்கள்தான் அதிகம். தெரிந்தே விதியின் விளிம்பில் நின்று ஆடுபவர்களும் இருக்கிறார்கள். அதற்கு ஆங்கிள் ஷூட்டிங் என்று பெயர். சிப்புகளைக் கையில் அள்ளி, பந்தயக் கோடு வரை கொண்டுபோய், விடாமல் நிறுத்தி, எதிராளி சீட்டை இறுக்கிப் பிடிக்கிறாரா தூக்கிப் போடப் பார்க்கிறாரா என்று கவனித்துவிட்டுத் திரும்ப எடுத்துக்கொள்வது ஒரு வகை. பெரிய மதிப்புள்ள சிப்புகளைச் சின்னச் சிப்புகளுக்குப் பின்னால் மறைத்து வைத்து, தன்னிடம் குறைவாக இருப்பதுபோல் காட்டுவது இன்னொரு வகை. எல்லாவற்றிலும் கெட்டது கடைசியில் சீட்டைத் திறக்காமல் “ஃப்ளஷ்” என்று வாயால் சொல்வது. எதிரே இருக்கும் புதியவர் ஒரு ஜோடியை வைத்துக்கொண்டு, சொன்னதை நம்பி, தன் சீட்டைக் கவிழ்த்துத் தள்ளிவிடுகிறார். அது குப்பையோடு கலந்துவிடுகிறது. இவர் ஃப்ளஷ் இல்லாத சீட்டைத் திறந்து “அய்யோ, தப்பாப் பார்த்துட்டேன்” என்கிறார். மேசையில் உயிரோடு இருக்கும் ஒரே கை அவருடையது. பணம் அவருக்கு.

அதனால் எதிராளி எவ்வளவு உறுதியாகச் சொன்னாலும், அவர் சீட்டுகள் திறந்து மேசையில் கிடப்பதை உங்கள் கண் பார்க்கும்வரை உங்கள் சீட்டை விடாதீர்கள். ஜெயித்தாலும், சிப்புகள் உங்கள் பக்கம் வந்து சேரும்வரை விடாதீர்கள். சந்தேகம் இருந்தால் இரண்டு சீட்டையும் திறந்து வைத்துவிடுங்கள். போக்கரில் சீட்டே பேசும் என்பார்கள், திறந்து கிடக்கும் கை என்ன என்பதை யார் என்ன சொன்னார்கள் என்பது மாற்றாது.

விதிக்கு எட்டாத சில விஷயங்களும் உண்டு. ஜெயித்த சீட்டைக் கையில் வைத்துக்கொண்டே எதிராளி ஜெயித்ததாக நினைத்து மகிழும்வரை காத்திருந்து மெதுவாகத் திறப்பதை ஸ்லோ ரோல் என்பார்கள். அதனால் ஆட்டத்தின் முடிவு மாறாது, ஆனால் அது சக மனிதரை அவமானப்படுத்துவது. சிப்புகளை நடுவில் வீசி எறிவது, தோற்ற கோபத்தில் டீலர் மேல் சீட்டை விட்டெறிவது, புதியவர் ஆடிய விதத்தைக் கிண்டல் செய்வது எல்லாம் இந்தப் பட்டியலில் வரும். வீசி எறிந்த சிப்புகளை எண்ண முடியாது என்பதால் அது மட்டும் நடைமுறைப் பிரச்சினையும்கூட.

இவ்வளவும் எழுத்தில் இருக்கும்போது ஏன் பல அறைகளில் காற்றில் பறக்கிறது?

2003-இல் கிறிஸ் மணிமேக்கர், இணையத்தில் தகுதி பெற்று வந்து, லாஸ் வேகாஸில் நடந்த போக்கர் உலகத் தொடரின் முதன்மைப் போட்டியை வென்றார். நுழைவுக் கட்டணம் 10,000 டாலர், பரிசு 25 லட்சம் டாலர். அந்த வருடம் அந்தப் போட்டியில் ஆடியவர்கள் 839 பேர். அடுத்த வருடம் 2,576 பேர். 2006-இல் 8,773 பேர். இணையத்தில் ஆடப் பழகியவர்கள் அலையாக மேசைகளுக்கு வந்தார்கள். இணையத்தில் முறை தவறி ஆட முடியாது, பொத்தானே வராது. ஸ்ட்ரிங் பெட் வைக்க முடியாது. தோற்றவருக்குப் பணம் தவறிப் போகாது. அங்கே மென்பொருளே விதியைக் காக்கிறது. மேசையில் அந்த வேலை முழுக்க ஒரு மனிதரின் தலையில், அதாவது டீலர் தலையில் விழுகிறது.

அந்த டீலரின் நிலையையும் பார்க்க வேண்டும். அமெரிக்க அறைகளில் அவருடைய வருமானத்தில் பெரும் பங்கு ஜெயித்தவர் தரும் டிப்ஸ். தினமும் வருகிற, தாராளமாக டிப்ஸ் தருகிற ஒருவரைப் பார்த்து “சார், முறைக்கு முன்னால் போடாதீர்கள்” என்று சொல்ல நாக்கு எழாது. டிப்ஸும் ரேக்கும் கைகளின் எண்ணிக்கையைப் பொறுத்தவை என்பதால் ஆட்டம் நிற்பதை யாரும் விரும்புவதில்லை. அவருக்கு மேலே இருக்கும் ஃப்ளோர் அதிகாரி பல மேசைகளை ஒரே நேரத்தில் பார்ப்பவர். அவர் நேரில் பார்க்காத ஒன்றுக்குத் தீர்ப்புச் சொல்ல வேண்டும். சத்தம் போடுகிற பழைய வாடிக்கையாளர் ஒரு பக்கம், தயங்கித் தயங்கிப் பேசுகிற புதியவர் மறு பக்கம். தளர்ந்த அறையில் தீர்ப்பு எந்தப் பக்கம் சாயும் என்று சொல்லவேண்டியதில்லை. டோர்னமென்ட் என்றால் ஒரு சுற்று வெளியே உட்காரவைப்பது, போட்டியிலிருந்தே நீக்குவது என்று தண்டனைகள் இருக்கின்றன. சிப்பை நேரடியாகப் பணமாக மாற்றிக்கொள்ளும் பண ஆட்டத்தில் எச்சரிக்கலாம் அல்லது வெளியே அனுப்பலாம், அவ்வளவுதான். நடுவில் எதுவும் இல்லாததால் பலர் எதையுமே செய்யாமல் விட்டுவிடுகிறார்கள்.

டி.டி.ஏ.வின் முதல் விதியே, ஆட்டத்தின் நலனும் நியாயமும்தான் முதன்மை, அசாதாரணச் சூழலில் நியாயத்துக்காக எழுத்து விதியையும் தாண்டலாம் என்கிறது. அருமையான விதி. ஆனால் அசாதாரணச் சூழலுக்காகத் தந்த அந்த இடத்தை அன்றாட அலட்சியத்துக்குச் சாக்காக எடுத்துக்கொள்ளும்போதுதான் சிக்கல். நேற்று பழைய ஆளுக்குச் செல்லாத ரெய்ஸ் என்றால், இன்று புதிய ஆளுக்கும் செல்லக்கூடாது. கடுமையான அறையில்கூட ஆடிவிடலாம். இன்று ஒன்று, நாளை ஒன்று என்கிற அறையில் ஆடவே முடியாது.

நெவாடாவில், வென்ற பணம் பற்றி ஆட்டக்காரருக்கும் கசினோவுக்கும் தீராத தகராறு வந்து, தொகை 500 டாலரோ அதற்கு மேலோ இருந்தால், கசினோவே அரசின் சூதாட்டக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு உடனே தெரிவிக்க வேண்டும். ஆனால் முறைக்கு முன்னால் விழுந்த அந்தச் சீட்டுக்கு எந்த வாரியமும் வராது. அதை மேசையிலேயே, அந்த நொடியிலேயே தடுக்க வேண்டும்.

நீங்கள் என்ன செய்யலாம்? எதிராளியிடம் வாதாடாதீர்கள். அவரைப் பார்க்காமல் டீலரைப் பார்த்து, “ஃப்ளோரைக் கூப்பிடுங்கள்” என்று மட்டும் சொல்லுங்கள். அவர் வரும்வரை சிப்பையும் சீட்டையும் யாரும் தொடக்கூடாது என்று கேட்டுக்கொள்ளுங்கள். முதலில் டீலர் சொல்லட்டும், பிறகு நீங்கள். பார்த்ததைச் சொல்லுங்கள்: “அவர் 50-ஐ வைத்தார், கையை எடுத்தார், பிறகு 150-ஐ வைத்தார்.” “அவர் ஏமாற்றினார்” என்று ஆரம்பித்தால் விஷயம் திசைமாறிவிடும். அடுத்த கை தொடங்கும் முன் இதைச் செய்யுங்கள், அதற்குப் பிறகு பொதுவாகக் கேட்க முடியாது.

உட்காருவதற்கு முன்பே அறையை எடைபோட ஒரு வழி உண்டு. அரை மணி நேரம் ஒரு மேசையின் அருகே நின்று பாருங்கள். சிப்புகளைப் பார்க்காதீர்கள், டீலரின் கைகளைப் பாருங்கள். நல்ல டீலர், யோசிப்பவர் பக்கம் ஒரு கையை நீட்டி வைத்திருப்பார், இவர் முறைதான் இன்னும் என்று மேசைக்கே காட்டுகிற மாதிரி. எட்டாமவர் சீட்டை எறியக் கையைத் தூக்கும்போதே இன்னொரு கை அவர் பக்கம் எழும். “ஐந்தாமவர் முறை, சார்” என்பார், மெதுவாகத்தான். எட்டாமவர் சீட்டைத் திரும்ப மேசையில் வைப்பார். ஐந்தாமவருக்கு அந்தப் பயம் அப்படியே இருக்கும், இரண்டாமவரின் 80-க்கு அதன் முழு மதிப்பும் இருக்கும்.